பூக்காரப் பிள்ளையின் கிரீடம் எங்கே போனது?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு வளைகாப்பு வீட்டில் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தோம். அக்கா பேரன் கேட்டான்: "பொன்னியின் செல்வன் ரெண்டு பாகமும் பார்த்துட்டேனே, இனி எதுக்குத் தாத்தா அந்த அஞ்சு புத்தகம்?" விசேஷ வீட்டில் வாக்குவாதம் வேண்டாமென்று வெற்றிலையை மென்றுகொண்டு இருந்துவிட்டேன். பதில் இதுதான்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய கதை. 1958-இல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கியும் எடுக்க முடியவில்லை. மணிரத்னம் 2022-இலும் 2023-இலும் எடுத்து முடித்தார். அது சாதனைதான். ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடைக்க வேண்டுமென்றால் வெட்டத்தான் வேண்டும். மணிமேகலையே படத்தில் இல்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் கோபமில்லை.

என் கோபம் முடிவைப் பற்றியது. புத்தகத்தில் அருள்மொழிவர்மன் தன் தலைக்கு வந்த கிரீடத்தை எடுத்துச் சேந்தன் அமுதன் தலையில் வைக்கிறான். யார் அவன்? ஊமைத் தாய் வளர்த்த பிள்ளை. தஞ்சைத் தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூப்பறித்து மாலை கட்டியவன். அவன் மனைவி பூங்குழலி, கோடிக்கரையில் படகு தள்ளியவள். படத்திலோ அதே கிரீடம் பதவிக்காகச் சதி செய்த மதுராந்தகனுக்குப் போகிறது. சேந்தன் அமுதன் வந்து போகும் ஆளாகிவிட்டான்.

"வரலாற்றில் ஆள்மாறாட்டம் கிடையாதே சார்" என்பீர்கள். சரி, கிடையாது. நந்தினி மட்டும் வரலாற்றில் இருக்கிறாளா? அவள் கல்கியின் கற்பனை, பூங்குழலியும் கற்பனை. கற்பனையில் கவர்ச்சியானதை வைத்துக்கொண்டு எளியவனை மட்டும் வரலாற்றின் பெயரால் வெளியே அனுப்புவது என்ன நியாயம்?

"அவனும் பிறப்பால் ராஜ வம்சம்தானே?" இது நல்ல கேள்வி. ஆமாம், செம்பியன் மாதேவியின் வயிற்றுப் பிள்ளைதான். அந்த இடத்தில் கல்கி இன்னும் துணிந்திருக்கலாம் என்பது என் எண்ணமும். ஆனால் அவனை நல்லவனாக்கியது அரண்மனை இல்லை, நந்தவனம். அரண்மனையில் வளர்ந்தவன்தான் பேராசைக்காரன் ஆனான். வளர்ப்புதான் மனிதனைச் செய்கிறது என்று ஒரு வாத்தியாருக்கு இதைவிட அழகாகச் சொல்லித்தர யாரால் முடியும்?

நானும் இந்தக் கதையைச் சுருக்கியவன்தான். பென்னாகரம் பக்கத்துப் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எட்டாம் வகுப்புக்கு ஓராண்டு முழுக்கச் சொல்வேன். இலங்கைப் பகுதியைப் பாதியாக்குவேன். ஆழ்வார்க்கடியான் சண்டைகளில் இரண்டு போதும். ஒரு வருஷம் முடிவைச் சொன்னபோது கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், பூ கட்டுறவனா ராஜா ஆனான்?" என்றான். அவன் அம்மா தருமபுரி பஸ் ஸ்டாண்டில் முழம் போட்டுப் பூ விற்றவர். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அன்றிலிருந்து எதை வெட்டினாலும் அதை வெட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை. நாளைக்கு யாரும் மறுபடி எடுக்கலாம். வாராவாரம் வந்த கதையை வாராவாரத் தொடராகவே எடுங்கள், நாற்பது ஐம்பது மணி நேரம் ஓடட்டும். அப்படி முடியாது, சுருக்கித்தான் ஆக வேண்டும் என்றால் போர்க்களத்தைச் சுருக்குங்கள், யானை குதிரையைக் குறையுங்கள். அந்தப் பூக்காரப் பிள்ளையின் கிரீடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

பேரனுக்கு ஐந்தாம் பாகம் 'தியாக சிகரம்' கொடுத்தனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடட்டும். நீங்களும் வரலாம்.

அன்புடன்,
உங்கள் சார்