இரண்டு பெட்டிகள்

சென்ற மாதம் நம் சங்கத்தின் மாலைக் கூட்டத்தில் நண்பர் ஒருவர், உடனடி உணவுகள் பிறந்த கதையைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சு. அதில் அவர் சொன்ன வான்கோழிக் கதை அவையை மிகவும் கவர்ந்தது. வராதவர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

1950களின் தொடக்கம். அமெரிக்க நாட்டின் ஒமாஹா நகரில் ஸ்வான்சன் என்னும் உணவுக் கம்பெனி. நன்றி நவிலும் திருநாள் கழிந்தது. 260 டன் வான்கோழி இறைச்சி விற்காமல் தங்கிவிட்டது. வைக்க இடமில்லை. பத்துக் குளிர்சாதன ரயில் பெட்டிகளில் அதை ஏற்றி, நாட்டின் குறுக்கே ஓட்டிக்கொண்டே இருந்தார்களாம். அப்போது ஜெரி தாமஸ் என்ற விற்பனையாளர், விமானப் பயணத்திற்காக யாரோ செய்திருந்த உலோகத் தட்டு ஒன்றைக் கண்டார். உடனே மூன்று அறைகள் உள்ள அலுமினியத் தட்டை வரைந்து காட்டினார். ஓர் அறையில் வான்கோழி, ஓர் அறையில் பட்டாணி, ஓர் அறையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ‘டி.வி. டின்னர்’ பிறந்தது! 1953இல் 98 சென்ட் விலையில் கடைக்கு வந்தது. 1954இல் ஒரு கோடித் தட்டுகள் விற்றன.

அவை கைதட்டியது. நானும் தட்டினேன்.

அறைக்குத் திரும்பிய பிறகுதான் ஓர் ஐயம் எழுந்தது. தட்டை வரைந்தார், சரி. உறைந்த இறைச்சியும் உறைந்த பட்டாணியும் ஒரே அடுப்பில், ஒரே நேரத்தில், பக்குவமாகச் சூடானது எப்படி? அதைச் செய்தவர் யார்?

இது வீண் கேள்வி அன்று. பௌதிகம் படிப்பவர்கள் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வெப்பம் வேண்டும். உருகிய நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 ஜூல் போதும். ஆக, பனியை வெறும் நீராக்கச் செலவாகும் வெப்பம், அந்த நீரை ஏறத்தாழ 80 டிகிரி வரை காய்ச்சப் போதுமானது. இன்னொன்று: துண்டின் கனம் இரு மடங்கானால், வெப்பம் அதன் நடுவை எட்டும் காலம் நான்கு மடங்காகிறது. பட்டாணியோ சின்னஞ்சிறியது, இறைச்சியோ கனமானது. ஒன்றுக்கு ஏற்ற நேரம் மற்றொன்றுக்கு ஏற்காது. பட்டாணி சுருங்கிச் சாகும் நேரத்தில் இறைச்சியின் நடுவில் பனி இருக்கும். அரைகுறைச் சூட்டில் நிற்கும் இறைச்சியோ கிருமிகளுக்கு விருந்து. சுவை கெட்டால் ஒரு வாடிக்கைக்காரர் போவார். கிருமி பெருகினால் உயிரே போகும்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பெண். பெட்டி குரோனின் என்பது அவர் பெயர். ஸ்வான்சன் கம்பெனியில் பணியாற்றிய கிருமியியல் வல்லுநர். இறைச்சியும் காய்கறியும் ஒரே வேளையில் பக்குவமாகவேண்டும். தீமை செய்யும் கிருமிகளும் அழியவேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தில் அவர் ஏற்ற வேலை இதுதான். செய்தார்; பார்த்தார்; தவறியது; மறுபடியும் செய்தார். ரயில் பெட்டி ஓடிய கதையைச் சொல்கிறவர்கள், இந்தப் பெட்டியின் பெயரைச் சொல்வதில்லை.

அந்த ரயில் கதையாவது மெய்யா? ஸ்வான்சன் குடும்பத்தின் வாரிசுகள் அதை ஒப்பவில்லை. திட்டம் கிளார்க், கில்பர்ட் ஸ்வான்சன் சகோதரர்களுடையது என்றார்கள். தட்டும் புதியதன்று. விமானத்தில் சூடாக்கி உண்ணும் உறைந்த உணவுத் தட்டை மாக்ஸன் என்பவரின் கம்பெனி 1945இலேயே செய்தது. பிட்ஸ்பர்க் நகரில் பெர்ன்ஸ்டைன் சகோதரர்கள் 1949இல் மூன்று அறை அலுமினியத் தட்டில் உறைந்த உணவை விற்றார்கள். பலர் கை வைத்து, பல ஆண்டுகளில் வளர்ந்த பொருள் அது. ஆனால் பலர் கை வைத்த கதை மேடையில் எடுபடுவதில்லை. ஒருவர், ஒரு நாள், ஒரு மின்னல். அதற்குத்தான் கைதட்டல்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பெட்டியைப் பாருங்கள். அமெரிக்க இல்லங்களில் பெட்டி குரோக்கர் என்ற பெயரை அறியாதவர் அக்காலத்தில் அரியர். கடிதங்களுக்கு மறுமொழி எழுதினார். வானொலியில் சமையல் பாடம் சொன்னார். மாவோடு தண்ணீர் சேர்த்தால் கேக் ஆகும் கலவைகள் அவர் பெயரில் விற்றன. 1945இல் ‘பார்ச்சூன்’ பத்திரிகை, எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாருக்கு அடுத்தபடி அமெரிக்காவில் மிகப் புகழ்பெற்ற பெண் இவரே என்று எழுதியது. ஆனால் அப்படி ஒரு பெண் பிறக்கவே இல்லை! மினியாபொலிஸ் நகரத்து மாவு ஆலைக் கம்பெனி ஒன்று, வாடிக்கையாளர் கடிதங்களுக்குக் கையெழுத்திட 1921இல் படைத்த பெயர் அது. அந்தக் கம்பெனியின் சமையல் ஆய்வுப் பகுதியில் அளந்தும் பிசைந்தும் சுட்டும் பார்த்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களை யார் அறிவார்?

பிறவாத பெட்டிக்கு உலகப் புகழ். பிறந்து உழைத்த பெட்டிக்கு ஏட்டின் ஓரத்தில் இடம். இது நியாயமா?

கேக் கலவையைப் பற்றியும் ஓர் அழகான கதை உண்டு. தண்ணீர் மட்டும் சேர்த்தால் போதும் என்றபோது இல்லத்தரசிகளின் மனம் குறுகுறுத்ததாம், ஏர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலார் 1950களில் அதைக் கண்டு, ‘முட்டையை அவர்களே உடைத்து ஊற்றட்டும்’ என்றாராம், விற்பனை பெருகியதாம். உண்மை என்ன? பிட்ஸ்பர்க் நகரத்து டஃப் என்பவர், புது முட்டையைச் சேர்த்துக்கொள்ளும் கலவைக்கு 1935இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். உளவியலாரின் பெயரோடு ஒட்டிய கதை நிலைத்தது. மாவோடு போராடியவரின் தேதி மறைந்தது.

“அமெரிக்காவின் சங்கதி நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டுக்கே வருவோம். குஜராத்தில் உள்ள ஆனந்தில், குளிர்காலத்தில் எருமைப் பால் பெருகும்; கொள்வாரின்றிக் கெடும். பாலைத் தூளாக்கினால் உழவர் பிழைப்பார்கள். ஆனால் எருமைப் பாலில் கொழுப்பு மிகுதி. அதைத் தூளாக்க இயலாது என்பது அன்றைய மேல்நாட்டு நிபுணர்களின் முடிவு. ஆனந்தில் அதைச் செய்துகாட்டியவர் ஹெச். எம். தலாயா. 1955 அக்டோபர் 31 அன்று பண்டித நேரு அங்கே பால் பொருள் ஆலையைத் திறந்துவைத்தார். டாக்டர் வர்கீஸ் குரியனை நாம் எல்லோரும் அறிவோம். சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் பயின்றவர் என்று பெருமையும் கொள்கிறோம். கொள்ளவேண்டியதுதான். ஆனால் தலாயாவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? குரியன் அவர்கள் அந்த நண்பரின் பங்கை மறைக்கவில்லை. தம் வாழ்க்கை நூலில் மனம் திறந்து எழுதினார். மறந்தவர்கள் நாம்தாம்.

விற்பனையாளரை நான் இழிவாகப் பேசவில்லை. ‘டி.வி. டின்னர்’ என்ற பெயர் இல்லாவிட்டால் அந்தத் தட்டு அத்தனை வீடுகளுக்குள் புகுந்திருக்குமா என்பது ஐயமே. பொருளை மக்களிடம் சேர்ப்பதும் திறமைதான். நான் சொல்வது ஒன்றே. விற்றவருக்கு மாலை போடுங்கள். ஆக்கியவரைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தாதீர்கள்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு என் குற்றத்தை மறைப்பது முறையாகாது. அந்த வாரம்தான் என் ஆய்வறிக்கையை எழுதி முடித்திருந்தேன். நன்றியுரையில் பேராசிரியர், துறைத் தலைவர், பெற்றோர், நண்பர்கள் எல்லோரும் இருந்தனர். எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தின் வெற்றிடக் கருவியில் கசிவு ஏற்பட்டு, வேலை இரண்டு மாதம் நின்றது. நானும் என் தோழர்களும் நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கூடத்தின் பணியாளர் ஒருவர் குழாய்களைக் காதோடு கேட்டு, இணைப்பை மூன்று முறை பிரித்து மாட்டி, கசிவை அடைத்தார். அவர் இல்லையேல் என் அறிக்கையில் ஓர் எண்ணும் இல்லை. அவருடைய பெயர் என் நன்றியுரையில் இல்லை! வேண்டுமென்று விட்டதன்று, நினைவுக்கே வரவில்லை. அதுதான் பெரிய குற்றம். அன்றிரவு அவர் பெயரை எழுதினேன். நன்றியுரையில் மட்டும் அல்ல. கருவியைச் செப்பமிட்ட முறையை விளக்கும் பகுதியிலேயே எழுதினேன்.

நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் நாளை நிறுவனங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் பெட்டி குரோனினைப் போல, தலாயாவைப் போல வேலை செய்யப்போகிறவர்கள். மின்னல் கதைகளையே கேட்டு வளர்ந்தால், ஒவ்வொரு நாளும் தவறித் தவறிச் செய்யும் நம் வேலையை நாமே இழிவாக எண்ணத் தொடங்குவோம். மின்னல் நம் தலையில் இறங்கவில்லையே என்று ஏங்குவோம். நம்மருகே உழைப்பவரைக் காணவும் மாட்டோம்.

ஆகவே சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். இனி நம் மாலைக் கூட்டங்களில் யார் எந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேசினாலும், மூன்று கேள்விகளுக்கு விடை கூறட்டும். என்ன சிக்கல் இருந்தது? அதை அவிழ்த்தவர்கள் யார் யார்? இந்தக் கதையை முதலில் சொன்னவர் யார்? விடை தெரியாவிட்டால் தெரியாது என்று கூறட்டும். அதில் வெட்கம் இல்லை.

அதன் பின் கைதட்டுவோம். அந்தக் கைதட்டலில் என் கையும் முன்னே இருக்கும்.