முகப்பில் இல்லாத பெயர்கள்

நாட்டரசன்கோட்டைக்கு வருகிறவர்கள் கண்ணுடைய நாயகி கோயிலைப் பார்க்கிறார்கள். கம்பர் சமாதி என்று சொல்லப்படும் இடத்தையும் பார்க்கிறார்கள். பிறகு ஒரு பெரிய வீட்டு வாசலில் நின்று, "இதில் யார் இருந்தார்கள்?" என்று கேட்கிறார்கள். கட்டிய செட்டியாரின் பெயரும் விலாசமும் பதிலாக வருகின்றன. இருந்தவர் யார் என்ற கேள்விக்குக் கட்டியவர் பெயர் எப்படி ஐயா பதிலாகும்?

கட்டியவர் அங்கே எத்தனை நாள் இருந்தார்? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிற்கப் போன ஆண்பிள்ளைகள் மூன்று வருஷக் கணக்குக்குப் போனவர்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகளில், வேறு வைத்த நாள் முதல் தனி அடுப்பு மூட்டி, செலவுக் கணக்குப் பார்த்து, பிள்ளைகளை வளர்த்து, மாமியாரைக் கரையேற்றியவர்கள் ஆச்சிமார்கள். 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் ரங்கூன் பணம் நின்றது. அப்போது வீட்டை நடத்தியது யார்? பர்மாத் தேக்குத் தூணா உலை வைத்தது?

"பெண்கள் பெயருக்கு ஆதாரம் ஏது?" என்று கையை விரிப்பார்கள். இருக்கிறது. கல்யாணத்தில் எழுதிய சீர்ப் பட்டியல் இருக்கிறது. மொய் ஏடு இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்தில் வெட்டிய எழுத்து இருக்கிறது. ஒன்பது நகரக் கோயில்களின் புள்ளிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு போனால் குடும்பம் அகப்படும். சமையற்காரரும் வேலைக்காரியும் காவற்காரரும் சம்பளக் கணக்கில் அகப்படுவார்கள். இவர்களும் அந்த வீட்டில் இருந்தவர்கள்தாமே!

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? தூணும் நிலையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. பாத்திரம் எடைக்குப் போகிறது. கணக்கு நோட்டு பழைய காகிதத்தோடு போகிறது. தேக்கு எந்த தேசத்திலிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்த நமக்கு, அந்த வீட்டு ஆச்சி எந்த ஊரிலிருந்து வந்தாள் என்று சொல்லத் தெரியவில்லை!

பங்காளிகள் பலர், ஓடு மாற்றவே பணம் போதாது, விற்காமல் என்ன செய்வது என்பது நியாயமான பேச்சு. விற்கட்டும். விற்பதற்கு முன் ஒரு நோட்டு வாங்கட்டும். எந்த அறையில் எந்த மருமகள் வாழ்ந்தாள், பிறந்த ஊர் எது, அடுப்படியில் யார் உழைத்தார் என்று எழுதட்டும். செலவு சில ரூபாய்தான். சொல்லத் தெரிந்த ஆச்சிமார்களுக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. தூணுக்கு விலை பேச வருகிறவன் நாளைக்கும் வருவான். அவர்கள் நாளைக்கு இருப்பார்களா?