கூரைக் குழாய்க்கும் தேவை குடிமராமத்து

மழைக் குறைவையே முதலாக்கித் தொழில் வளர்த்த மண் சிவகாசி. 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இட்ட அடித்தளத்தின் மீது, பின்னாளில் பட்டாசும் அச்சும் எழுந்தன. வறண்ட காற்றும் நீண்ட வெயிலும் அவற்றுக்குத் துணை நின்றன. வெயிலைச் செல்வமாக்கத் தெரிந்த விருதுநகர் மாவட்டம், பெய்யும் மழையை மட்டும் ஏன் தெருவில் விடுகிறது?

மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஓராண்டில் விழும் நீர் சுமார் 74,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கை ஆவியாதலுக்கும் கசிவுக்கும் கழித்தாலும் 59,000 லிட்டர் மிஞ்சும். கிராமப்புறக் குடிநீர்த் திட்டங்கள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று கணக்கிடுகின்றன. அந்த அளவில், நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது எட்டு மாதங்களுக்கு மேல் போதும். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊர்களில் இது வெறும் நீரன்று, பணம்.

இதை அரசு உணராமல் இல்லை. 2003-இல் அவசரச் சட்டத்தின் மூலம் தமிழகத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. வீடுதோறும் குழாய் இறங்கியது, குழி தோண்டப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின், அந்தக் குழாய்கள் பலவற்றின் நிலை என்ன? நான் பார்க்கும் தெருக்களில் குழாய் வாயைச் சருகு அடைத்திருக்கிறது. இணைப்பு விலகிய குழாய் சுவரோடு நீரை வடிக்கிறது. குழியின் மேல் சிமென்ட் தளம் போட்டு வண்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

இதை மக்களின் அலட்சியம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் மாணவர்களுக்கு நான் அடிக்கடி விளக்கிய சிக்கல் இது. குழாயைச் சுத்தம் செய்யும் செலவு வீட்டுக்காரருடையது; உயரும் நிலத்தடி நீரோ தெரு முழுவதற்கும் பொது. பலன் பொதுவாகவும் செலவு தனியாகவும் இருக்கும் இடத்தில் பராமரிப்பு தானாக நடப்பதில்லை. சட்டம் அமைப்பதைக் கட்டாயமாக்கியது. ஆண்டுதோறும் பேணுவதோ நடைமுறையில் கவனிப்பாரற்றுப் போனது. கட்டும்போது அதிகாரி வந்து பார்ப்பார். அடைத்துக்கொள்ளும்போது யாரும் வருவதில்லை.

ஆனால், பராமரிக்காத குழாயால் வரும் இழப்பு முழுக்க முழுக்கத் தனியாருடையது. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. மழை பெய்தால் 1,000 சதுர அடி மாடியிலிருந்து நிமிடத்துக்கு 150 லிட்டருக்கு மேல் நீர் வெளியேற வேண்டும். வழி அடைத்திருந்தால், ஒரே மணி நேரத்தில் கூரையின் மீது 9 டன் எடை நிற்கும். விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் மண்ணோ நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உடைந்த குழாய் சுவரடியில் ஊற்றும் நீர், சில பருவங்களில் அடித்தளத்தையே அசைத்துச் சுவரில் விரிசலாக எழும். மாடியில் தேங்கும் நீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில்.

பழைய அளவுக் குழாய் இனிப் போதாது என்பதையும் ஏற்க வேண்டும். 2023 டிசம்பரில் அண்டை மாவட்டமான தூத்துக்குடியின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, அம்மாவட்டத்தின் ஓராண்டு மழையைவிட அது அதிகம். அத்தகைய மழையை எந்தக் குழாயும் தாங்காதுதான். எனினும், ஒற்றை 3 அங்குலக் குழாயை நம்பியிருக்கும் மாடிக்கு 4 அங்குலக் குழாய்கள் இரண்டு அமைப்பது இன்று ஆடம்பரம் அன்று.

பட்டாசு வட்டாரத்தில் இது உயிர்ப் பிரச்சினையும் ஆகும். அலுமினியத் தூள் கலந்த மருந்துக் கலவையில் ஈரம் பட்டால் வேதிவினை தொடங்கி வெப்பம் பெருகும். தானே தீப்பற்றவும் கூடும். தீயையும் உராய்வையும் அஞ்சும் தொழிலாளி, கூரை ஒழுக்கையும் அதே அளவு அஞ்ச வேண்டும். தீபாவளிக்கு முந்தைய அவசர வேலையும் பருவமழையின் தொடக்கமும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதால், மருந்து அறைகளின் கூரையையும் நீர்ப்போக்கையும் மழைக்கு முன்பே சரிபார்ப்பது பாதுகாப்பு ஆய்வின் பகுதியாக வேண்டும். ஆலைகளுக்கு அருகில் உள்ள வீடுகளில் கூரைமேல் படியும் தூசியைக் கருதி, பருவத்தின் முதல் மழையை வெளியேற்றிய பின்னரே நீரைச் சேகரிப்பது நல்லது.

செய்ய வேண்டியவை எளியவை. புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் கம்பி வலை பொருத்தி, ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்த்தால் அடைப்பு தெரிந்துவிடும். கரிசலில் நீர் எளிதில் இறங்காது. எனவே ஆழமற்ற குழியைவிட, வடிகட்டி வழியாகத் தொட்டிக்கோ பயன்பாட்டில் இல்லாத கிணற்றுக்கோ நீரைத் திருப்புவது மேல். 2021-இல் திருத்தங்கலையும் இணைத்து மாநகராட்சியான சிவகாசி, இதில் முன்னோடியாகலாம். பருவமழைக்கு முன் வார்டுவாரியாகக் குழாய்களைச் சோதித்து, சரியாக வைத்திருப்போருக்குச் சொத்து வரியில் சிறு சலுகை தரலாம். வசதியற்ற வீடுகளுக்கு மாநகராட்சியே பழுதுபார்த்துத் தரலாம். பொதுப் பலனுக்குப் பொதுப் பணத்தில் ஒரு பங்கு செலவிடுவது நியாயமே.

கண்மாயின் மடையையும் வரத்துக் கால்வாயையும் மழைக்கு முன் ஊர்கூடித் தூர்வாரியதைக் குடிமராமத்து என்றோம். இன்று ஒவ்வொரு மொட்டைமாடியும் ஒரு சிறு கண்மாய். அதன் மடை அந்தக் குழாய். ஊருக்கு இருந்த அந்த வழக்கம் வீட்டுக்கும் வந்தாலொழிய, ஐப்பசியில் தெருவில் ஓடவிட்ட நீரைச் சித்திரையில் குடம் குடமாக விலை கொடுத்து வாங்கும் நிலை மாறாது.