சன்ஸ்க்ரீன் அழகு சாமானாம்!

காமர்ஸ் படிக்கிறவனுக்குத் தோல் புற்றுநோயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வரி இருக்கிற இடத்தில் நமக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது.

பிரிட்டனில் ஒருவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரையை அது வேலை செய்கிற வரைக்கும் விழுங்க வேண்டும். காவல்காரனைக் கட்டிப்போட்டால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே? வெயிலில் கெட்டுப்போன தோல் செல்கள் தட்டிக்கேட்க ஆளில்லாமல் வளர்கின்றன. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்கிற வகை இவர்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 65 மடங்குக்கும் மேல். அசாதையோப்ரின் என்ற பழைய மாத்திரை இன்னும் மோசம், தோலையே வெயிலுக்குத் தாங்காததாக்கி விடுகிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1996-ல் வந்த ஆய்வுப்படி, மாற்று சிகிச்சை முடிந்த 20 வருடத்தில் 70% பேருக்குத் தோல் புற்றுநோய். எழுபது!

தடுக்க வழி? நிகோடினமைடு மாத்திரையைப் பெரிதாக நம்பினார்கள். 2023-ல் வெளியான சோதனையில் இவர்களுக்கு அது பலன் தரவில்லை. ஆனால் 2009-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வைப் பாருங்கள். உறுப்பு மாற்றிக்கொண்ட 120 பேரில் பாதிப் பேருக்கு சன்ஸ்க்ரீனை இலவசமாகக் கொடுத்தார்கள். 24 மாதத்தில் அவர்களுக்குப் புதிய ஸ்குவாமஸ் புற்று 0, மற்ற பாதிக்கு 8. சின்ன ஆய்வுதான், ஆனாலும் எவ்வளவு வித்தியாசம்!

இப்போது கணக்குக்கு வருவோம். மருந்துச் சீட்டுக்குக் கொடுக்கும் அந்த மாத்திரைக்கு பிரிட்டனில் வாட் கிடையாது. சரி, நியாயம். அந்த மாத்திரையால் வரும் புற்றைத் தடுக்கக் கடையில் வாங்கும் சன்ஸ்க்ரீனுக்கு? 20%. சட்டப்படி அது அழகு சாதனமாம். 12 பவுண்ட் டியூப் வாங்கினால் அதில் 2 பவுண்ட் அரசாங்கத்துக்கு. ஆஸ்திரேலியாவில் எஸ்பிஎஃப் 15-ம் அதற்கு மேலும் உள்ள சன்ஸ்க்ரீனுக்கு ஜிஎஸ்டியே இல்லை. அவர்கள் நாட்டில் மட்டும் சூரியன் மருத்துவ விஷயமா?

(நம்ம கலருக்கு இதெல்லாம் வராது என்று லண்டன் சித்தப்பா சொன்னால் நம்பாதீர்கள். குறைவாக வரும், அவ்வளவுதான். வெயிலே படாத இடத்திலும் வரலாம். அதனால் தோல் டாக்டர் உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும், க்ரீம் மட்டும் போதாது.)

வரியை எடுத்தால் கம்பெனிக்காரன் அதையும் லாபத்தில் சேர்த்துக்கொள்வான் என்பார்கள். சேர்த்துக்கொள்ளலாம்தான். அப்படியானால் மாற்று உறுப்புக்காரர்கள் எல்லோருக்கும் மாத்திரையோடு சேர்த்து மருந்துச் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். அங்கே எந்தக் கம்பெனிக்காரன் குறுக்கே நிற்கப் போகிறான்?