தொட்டியும் கண்மாயும்

கரும்பலகையில் மீனின் படத்தை எழுதிச் செவுளையும் துடுப்பையும் குறித்துவிட்டால் பாடம் முடிந்தது என்பது நம் உபாத்தியாயர் பலருடைய எண்ணம். மாணாக்கனும் நெட்டுருப் போட்டு மார்க்கு வாங்கிவிடுகிறான். ஆனால், திருமங்கலத்தைச் சுற்றியுள்ள கண்மாய்களில் அந்த மீன் எதைத் தின்று எப்படிச் சுவாசிக்கிறது என்று கேட்டால் விழிக்கிறான். கைத்தொழிலின் வழியே கல்வி புகட்டவேண்டும் என்று மகாத்மா 1937-ல் வார்தாவில் வற்புறுத்தினார். பள்ளி முற்றத்தில் ஒரு சிமிட்டித் தொட்டி இருந்தால், அந்த உபதேசத்தை நாம் இன்றே நடத்திக் காட்டலாம்.

அடியில் மணல், நடுவே வேலம்பாசி, நாலைந்து கெண்டைக் குஞ்சுகள், இவ்வளவு போதும். 1849-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர் தங்க மீன் இரண்டையும் நீர்ச்செடியையும் இவ்வாறே சேர்த்து வைத்துப் பார்த்தார். செடி பிராணவாயு தந்தது. ஆயினும் அழுகிய இலைகளால் ஜலம் கெட்டது. பிறகு நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, ஜலம் தெளிந்தது. அற்ப நத்தைக்கும் உலகில் உத்தியோகம் உண்டென்பதைக் குழந்தைகள் கண்ணாலேயே காணலாம்.

விடியற்காலையில் சில நாள் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும். இரவில் செடிகளும் பிராணவாயுவையே உட்கொள்வதால் நேரும் தட்டுப்பாடு அது. விராலைத் தனித் தொட்டியில் வளர்க்கவேண்டும். கெண்டையோடு விட்டால் விழுங்கிவிடும். அது எந்நேரமும் இடையிடையே மேலே வந்து காற்றை உட்கொள்ளும். வற்றிவரும் கண்மாயில் அது உயிர் தாங்கும் ரகசியம் இதுவே.

நிற்க, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை வந்ததும் தொட்டி மீன்களைக் கண்மாயில் விடுவது புண்ணியம் என்று குழந்தைகள் நினைப்பார்கள். கடையில் வாங்கிய அந்நிய மீன் ஒன்றுகூட அங்கே போகலாகாது. ஆப்பிரிக்க இனமான ஜிலேபிக் கெண்டையை 1952-ல் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். முட்டையையும் குஞ்சையும் வாயிலே வைத்துக் காக்கும் இனமாதலால் மளமளவென்று பெருகிற்று. நாட்டு மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டியாக வந்தது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பரவிவிட்ட அதனை இனித் திருப்பி அனுப்ப வழியில்லை.

ஆகையால் தொட்டியில் நாட்டு மீனையே வளர்ப்போம். அது பிடிபட்ட கண்மாயின் பெயரைத் தொட்டியின்மேல் எழுதி வைக்கட்டும். நோயற்ற மீனை மீண்டும் கொண்டுபோய் விடவேண்டிய இடம் அப்போது எந்தக் குழந்தைக்கும் மறக்காது.