தட்டெண்ணும் பொறியும் தமிழ்ச்சொல்லும்

கணிப்பொறியின் உள்ளியக்கத்தைத் தமிழில் விளக்கவே இயலாது என்று அடித்துப் பேசுவார் இன்றும் நம்மிடையே உளர். ‘டைமர் இண்டரப்ட்’ என்று எழுதினால்தான் அறிவியலாம்! அதனையே எடுத்துக்கொள்வோம்.

இயங்குதளத்தின் நடுவே நின்று எல்லா வினைகட்கும் முறை வகுப்பது கருவகம். ஓடும் வினை தானாக இடம் விடாது. எனவே கடிகைச் சில்லொன்று ஒழுங்கான இடைவெளியில் செயலியைத் தட்டி நிறுத்திக் கருவகத்தை அழைக்கின்றது. இதுவே காலக் குறுக்கீடு. பரவலான கணிப்பொறிகளில் இலினக்சுக் கருவகம் முதலில் நொடிக்கு 100 தட்டுகளைப் பெற்றது. 2003-இல் அது 1000 ஆயிற்று. 2005-இல் 250 இயல்பளவாயிற்று.

இனி, ஓர் ஓம்புபொறிக்குள் பல விருந்துப்பொறிகள் தங்கி, ஒவ்வொன்றும் தனிப்பொறிபோல் இயங்குவது மெய்ந்நிகராக்கம். விருந்துப்பொறிக்குத் தனக்கெனச் செயலி இல்லை. முறை வரும்போதே அது இயங்கும். முறை வாராப் பொழுதில் அதற்குரிய தட்டுகள் தேங்கும், சில தவறும். தட்டை எண்ணியே பொழுதறியும் பொறி இதனாற் பிந்துகின்றது. மற்றொரு கேடும் உண்டு. நொடிக்கு 1000 எனின், 100 விருந்துப்பொறிகட்கு 1,00,000 தட்டுகள்! வினையின்றி உறங்குவனவற்றையும் எழுப்பியே செயலியின் உழைப்பு வீணாகும்.

இதற்குத் தீர்வும் கண்டனர். ஓம்புபொறி பொது நினைவிடத்தில் மெய்ப்பொழுதைக் குறித்துவைக்க, விருந்துப்பொறி அதனைப் படித்து, செயலியின் துடிப்பெண்ணியால் இடைப்பொழுதைக் கூட்டிக்கொள்கின்றது. உறங்கும் செயலிக்குத் தட்டை நிறுத்தும் முறை 2007-இல் இலினக்சில் வந்தது. ஓடக் காத்திருந்தும் செயலி கிட்டாது கழிந்த நேரம் ‘களவுப்பொழுது’ எனத் தனியே கணக்கிடப்படுகின்றது.

இதில் தமிழுக்கு எட்டாதது எது? ஆங்கிலேயர் கருவகத்துக்கு இட்ட பெயர் கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் பெயர். விருந்தினன், விருந்தோம்புவான், திருட்டு என்பனவும் அவர்தம் வீட்டுச் சொற்களே. அவர்கள் அடுக்களையிலிருந்தும் தெருவிலிருந்தும் சொல்லெடுத்து அறிவியல் செய்தனர்; விருந்தோம்பலை அறமாகப் போற்றிய நாமோ நம் வீட்டுச் சொல்லுக்கு நாணுகின்றோம்!

‘குறுக்கீடு’ என்றதும் தமிழ்ப்பிள்ளைக்கு வினை விளங்கும். ‘இண்டரப்ட்’ என்றால் அதனை நெட்டுருச் செய்யவேண்டும். விளங்காச் சொல்லைச் சுமந்த பிள்ளை பொறியைப் பயன்படுத்தக் கற்குமேயன்றிப் புதிதாக ஒன்றைப் படைக்கத் துணியுமா? பாடநூல் எழுதுவோரே! ஒலியைப் பெயர்த்தல் விடுக. வினையை அறிந்து பெயரிடுக!