எம்.டி.டி. பாஸ் ஆயிட்டா போதுமா?

எங்க டிபார்ட்மென்ட்ல பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எதைப் புரட்டினாலும் கடைசியில ஒரு வரி இருக்கும்: "எனவே இந்த ஹைட்ரோஜெல் உடலுக்கு உகந்தது." எங்க ரிப்போர்ட்லயும் இருந்துச்சு. போன வாரம் நான் அதை அடிச்சேன். டீம்ல இன்னும் சண்டை ஓயல.

நாங்க செஞ்சது ஜெலட்டின் ஹைட்ரோஜெல். தோல்ல இருக்கிற கொலாஜன்தான் ஜெலட்டினுக்கு மூலம். தோல் ஷாப் வாடையில வளர்ந்த திண்டுக்கல்காரங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்ல. உடம்புச் சூட்டுல கரையாம இருக்க குளுட்டரால்டிஹைடு போட்டு இறுக்கினோம். அதைச் சரியா கழுவலைன்னா மிச்சம் கசிஞ்சு செல்லையே கொன்னுடும்.

அதுக்குத்தான் டெஸ்ட். ஜெல்லை 37 டிகிரியில 24 மணி நேரம் மீடியத்துல ஊற வச்சு, அந்தச் சாறை எல்929 ங்கிற சுண்டெலி செல்கள் மேல விடணும். எம்.டி.டி. சேர்த்தா உயிரோட இருக்கிற செல்கள் ஊதா நிறம் தரும். ஐ.எஸ்.ஓ. 10993-5 படி 70 சதவீதத்துக்குக் கீழ போனா நச்சு. வெளி லேப்ல காசு கட்டிப் பார்த்தோம், 88 வந்துச்சு. ட்ரீட்டும் வச்சாச்சு.

அப்புறம்தான் உறைச்சுது. ஹைட்ரோஜெல் பஞ்சு மாதிரி மீடியத்தைக் குடிச்சிடும். குடிக்கிற அளவை முதல்லயே கூடுதலா ஊத்தணும்னு 10993-12 சொல்லுது. லேப்ல கேட்டா, "சாறு பத்தல, கடைசியில புது மீடியம் ஊத்தி நிரப்பினோம் தம்பி"ங்கிறாங்க. நச்சு இருந்திருந்தாலும் நீர்த்துப் போயிருக்கும்ல?

சரி, 88 உண்மைன்னே வைப்போம். தட்டுல இருக்கிற ஒரே வகை செல்லுக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் கிடையாது, ரத்தம் கிடையாது. ஒவ்வாமை, எரிச்சல், உடம்புக்குள்ள வச்சுப் பார்க்கிறது எல்லாம் தனித்தனி டெஸ்ட். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா இன்ஸ்டிட்யூட்டோட இதய வால்வுல மூணு மாடல் தோத்துச்சு. நாலாவது மாடலை செம்மறியாட்டுல வச்சுப் பார்த்த பிறகு, 1990 டிசம்பர்லதான் மனுஷனுக்கு வச்சாங்க.

"யு.ஜி. ப்ராஜெக்ட்தானேடா, யார் உடம்புல வைக்கப் போறா?"ன்னு டீம் கேக்குது. யாரும் வைக்கப் போறதில்லதான். ஆனா போன பேட்ச் அண்ணன் எழுதின அதே வரியை நம்பித்தானே அவர் ரெசிபியை, கழுவுற நேரம் முதக்கொண்டு, நாங்க அப்படியே எடுத்தோம்? அவரும் இதே லேப்லதான் கொடுத்திருக்கார்.

திரும்ப டெஸ்ட் பண்ண கையில காசு இல்ல. அதனால இப்போ எழுதியிருக்கிறது: "இந்த ஜெல்லின் சாறு எல்929 செல்களில் சோதிக்கப்பட்டது, சாறு எடுத்த முறையில் பிழை உள்ளது, முடிவு உறுதியில்லை." கைடு இன்னும் கையெழுத்துப் போடல.